கோபுரத்தை உயர்த்தவும் அனுமதியா?

கேள்வி: டொரன்டோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, தமிழ் நிகழ்ச்சிகளும் இடம்பெறும் ஒரு பன்மொழிப் பண்பலை வானொலியைக் கேட்டுவந்தோம். காரில் தெளிவாகக் கேட்டது, அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்ததும் இரைச்சலாகிவிட்டது. கேட்டால், ஆன்டெனாவை உயர்த்துவதற்கு ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறார்கள். உரிமம் பெற்ற நிலையம் தன்னுடைய கருவியை மாற்றிக்கொள்ள மறுபடியும் ஏன் அனுமதி? சிறுபான்மை மொழி என்பதால் இந்தக் கெடுபிடியா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மொழியைப் பார்த்துச் செய்யும் கெடுபிடி அன்று, கனடாவில் ஆங்கில நிலையங்களுக்கும் பிரெஞ்சு நிலையங்களுக்கும் இதே விதிதான். அங்கே வானொலி உரிமம் என்பது ‘ஒலிபரப்பிக்கொள்ளலாம்’ என்ற பொதுவான அனுமதி அல்ல. எந்த அலைவரிசையில், எந்த இடத்துக் கோபுரத்திலிருந்து, சுற்றுவட்ட நிலத்தின் சராசரி மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் உயரத்தில், ஆன்டெனாவிலிருந்து எத்தனை வாட் வெளிப்படலாம் என்பதெல்லாம் உரிமத்தோடு சேர்ந்தவை. இவற்றைக் கணக்கிட்டு வரைபடத்தில் இரண்டு எல்லைக்கோடுகள் போடுவார்கள். பண்பலையில் மீட்டருக்கு 3 மில்லிவோல்ட் வலிமையுடன் சிக்னல் விழும் பகுதி முதன்மைச் சேவைப் பகுதி, அது 0.5 மில்லிவோல்ட்டாகக் குறையும் இடம்வரை இரண்டாம் நிலைப் பகுதி. கோபுரத்தை உயர்த்தினால் இந்தக் கோடுகள் நகரும். கோடு நகர்ந்தால் சி.ஆர்.டி.சி. எனப்படும் வானொலி, தொலைக்காட்சி, தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும்.

அது மட்டும் போதாது. புத்தாக்கம், அறிவியல், பொருளாதார மேம்பாட்டுத் துறை என்ற கூட்டரசின் துறை, புதிய அமைப்பு மற்ற நிலையங்களுக்குக் குறுக்கீடு தருமா என்று தனியாகப் பார்க்கிறது. டொரன்டோவில் இது லேசான சோதனை அல்ல. ஏரிக்கு அக்கரையில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்து நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. எல்லையிலிருந்து 320 கிலோமீட்டருக்குள் அமையும் பண்பலை நிலையங்களைப் பற்றி இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று தெரிவித்து ஒப்புதல் பெறும் ஏற்பாடும் நடப்பில் உள்ளது. எனவே ஒரு பக்கம் திறனைக் கூட்ட முடிந்தாலும், தெற்குப் பக்கம் அதைக் குறைத்துக்கொள்ளும்படி ஆன்டெனாவை வடிவமைக்க நேரிடலாம்.

துறை ‘தொழில்நுட்ப அளவில் ஏற்கத்தக்கது’ என்று சொல்லிவிட்ட பிறகும் ஆணையம் மறுக்கலாம் என்பதுதான் பலருக்கும் புரியாத இடம். ஆணையம் கேட்பவை வேறு கேள்விகள். மாற்றம் இல்லாமல் காலந்தள்ள முடியாது என்பதற்குத் தொழில்நுட்ப ஆதாரமோ பொருளாதார ஆதாரமோ இருக்கிறதா? அலைவரிசையைப் பயன்படுத்த இது தக்க வழியா? ஏற்கெனவே உள்ள நிலையங்களுக்கு மிகையான பாதிப்பு வருமா? ஓர் ஊருக்கென்று போட்டியில் உரிமம் வாங்கிவிட்டு, ‘சிறு மாற்றம்’ என்ற பெயரில் அடுத்த பெரிய நகரத்துக்குள் நுழையும் குறுக்குவழியாக இது ஆகிவிடுமா? இந்தக் கடைசிக் கேள்விதான் கூர்மையானது. நகரத்துக்கு வெளியே சிறிய ஊருக்கு உரிமம் பெற்ற நிலையம், மாநகர விளம்பரதாரரைக் குறிவைத்துக் கோபுரத்தை நகர்த்தினால், அந்த மாநகரத்துக்காகப் போட்டியிட்டுத் தோற்றவர்களுக்கு அது அநீதி என்று ஆணையம் கருதுகிறது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

உங்கள் மகள் வீட்டுப் பிரச்சினை இதற்கு நேர் எதிரானது. உரிமத்தில் சொன்ன பகுதிக்குள்ளேயே சிக்னல் கான்கிரீட்டைத் தாண்டி வரவில்லை. அப்படிப்பட்ட நிலையம் ‘எங்கள் மக்களுக்கு வானொலி வேண்டும்’ என்று பொதுவாக முறையிடுவதை விட, எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் என்ன அளவு கிடைத்தது என்று அளந்து காட்டுவது பலமான வாதம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: திறனை இரட்டிப்பாக்கினால் கேட்கும் தூரம் இரட்டிப்பாகாது, சிக்னல் வலிமையை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் பல இடங்களில் உயரமே கைகொடுக்கிறது. ஆன்டெனாவை உயர்த்தக் கேட்பதன் காரணம் அதுதான்.

கேள்வி: சிறுபான்மை மொழிகளை வளர்க்க வேண்டும் என்று சட்டம் பேசுகிறதே, தொழில்நுட்ப மாற்றத்தில் சலுகை காட்டக் கூடாதா?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: ஆணையத்தின் 1999-ஆம் ஆண்டு இனக்குழு ஒலிபரப்புக் கொள்கை, இத்தகைய நிலையங்களுக்கென்று தனி வகையை வைத்திருக்கிறது. நிகழ்ச்சி நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் இனக்குழுக்களுக்கானதாகவும், 50 சதவீதம் ஆங்கிலம், பிரெஞ்சு, பழங்குடி மொழிகள் அல்லாத மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இது அலைவரிசையில் இடம் வாங்கித் தரும். இயற்பியலிலிருந்து விலக்கு வாங்கித் தராது. ஜானி லொம்பார்டி 1966-இல் டொரன்டோவில் தொடங்கிய சின் என்ற பன்மொழி வானொலியைப் பாருங்கள். அதன் மத்திய அலை 1540 கிலோஹெர்ட்ஸ். இரவில் மத்திய அலை வான்மண்டலத்தில் எதிரொலித்து நெடுந்தூரம் போகும். அதே 1540-இல் பஹாமாஸின் நாசோவிலும் அமெரிக்காவின் அயோவாவிலும் வலிமையான நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வழிவிட்டே சின் இயங்க வேண்டும். நகரத்துக்குள் 91.9 பண்பலையில் அதே நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்யும் வழி இத்தகைய குறைக்குத்தான் மருந்து. அதற்கும் தனி அனுமதி உண்டு.

சலுகை கேட்பவர்கள் மறந்துவிடும் ஒன்று: எதிர்ப்பு மனு போடுவது பல வேளைகளில் பெரிய ஆங்கில நிறுவனம் அல்ல, இன்னொரு பன்மொழி நிலையம்தான். நகைக்கடை, சேலைக்கடை, வீடு விற்பனை முகவர் என்று எல்லாரும் தேடிப்போகும் விளம்பரதாரர் வட்டம் சிறியது. ஒருவருக்குச் சலுகை என்றால் மற்றவருக்கு நட்டம்.

கேள்வி: நேயர்கள் கடிதம் எழுதினால் பயன் உண்டா?
– வாசகர், மார்க்கம்

பதில்: உண்டு, காலக்கெடுவுக்குள் எழுதினால். இத்தகைய விண்ணப்பத்தை ஆணையம் தன் இணையதளத்தில் வெளியிட்டதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழக்கமாக 30 நாள்; அதற்குப் பதில் தர விண்ணப்பதாரருக்கு 10 நாள். ஒரே வாசகத்தை நூறு பேர் கையெழுத்திட்டு அனுப்புவதை விட, ‘காலை எட்டு மணிக்கு இந்தச் சாலைச் சந்திப்பில், இந்த மாடியில், சன்னலோரம் கேட்கிறது, சமையலறையில் கேட்பதில்லை’ என்ற நாலு வரி மேல். நீங்கள் ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரும் கடிதமும் பொது ஆவணமாகிவிடும் என்பதை நினைவில் வைத்து, வேண்டாத சொந்த விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒப்புதல் கிடைத்த மறுநாளே சிக்னல் சீராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். துறை தன் ஒலிபரப்புச் சான்றிதழை வழங்குவதாக உறுதி செய்த பிறகே தீர்ப்பு நடைமுறைக்கு வரும். கருவியை நிறுவி முடிக்கப் பொதுவாக 24 மாதம் வரை அவகாசம் தருகிறார்கள், தேவைப்பட்டால் நீட்டிக்கவும் கேட்கலாம்.