பெட்டிக்குள் மரக்கட்டை

கேள்வி: என் அக்கா மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான். புதுப் போன் பெட்டி ஒன்றில், அளவாக அறுத்த மரக்கட்டையை வைத்துப் பரிசாகக் கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்த்ததும் வீடே சிரித்தது. ஒரு மாதமாக என்னோடு பேசுவதில்லை. அமெரிக்காவில் ‘நோபோன்’ என்று வேலை செய்யாத போனைக் காசு கொடுத்தே வாங்கிச் சிரிக்கிறார்களாம். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ரோஷம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நோபோனைத் துணைக்கு அழைக்காதீர்கள். அது உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது.

2014இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் 18,000 டாலருக்கு மேல் திரட்டி வெளிவந்த பொருள் அது. போன் அளவில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வில்லை, அவ்வளவுதான். திரை, கேமரா, பேட்டரி எதுவும் கிடையாது. சார்ஜ் போட வேண்டாம், கீழே விழுந்தாலும் தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்று செய்தவர்களே விளம்பரம் செய்தார்கள். தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்காக முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டிய வகை ஒன்றும் வந்தது. வெறும் உறையை மட்டும் ‘நோபோன் ஏர்’ என்று விற்றதும் உண்டு.

இதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா? உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலும் போனைக் கீழே வைக்காத நம் கையைத்தான் அது கேலி செய்கிறது. அந்தக் கேலி எனக்கும் உறைத்தது.

2017இல் ஆஸ்திரிய வடிவமைப்பாளர் கிளெமென்ஸ் ஷில்லிங்கர் செய்த ‘மாற்றுப் போன்’ இன்னும் ஒரு படி மேல். கறுப்பு வில்லையில் வரிசையாகக் கல்மணிகளைப் பதித்திருந்தார். கட்டைவிரலால் தள்ளினால் மணி உருளும். திரையைத் தள்ளும் அதே அசைவு. போனை விட முடியாமல் தவிக்கிற விரலுக்கு ஒரு பிடிமானம் கொடுக்க நினைத்திருக்கிறார். அதை வேடிக்கைப் பொருள் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பெட்டிக்கு நெருங்கிய உறவு ஒன்று அமெரிக்காவில் இருக்கத்தான் செய்கிறது. குளித்துக்கொண்டே காபி போட்டுக்கொள்ளும் இயந்திரம் என்பது போல, இல்லாத கருவிகளின் படத்தை அச்சிட்டு விற்கும் அட்டைப் பெட்டிகள். பெறுகிறவர் ஒரு நொடி திகைப்பார். ஆனால் அந்தப் பெட்டிகள் விற்கப்படுவதே உண்மையான பரிசை உள்ளே வைத்துக் கொடுப்பதற்காகத்தான். திறந்தால் சட்டையோ புத்தகமோ இருக்கும். கொடுத்தவரும் பெற்றவரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? திருவிழாவில் ஜவ்வுமிட்டாய்க்காரர் நம் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுவாரே, அதைவிட நல்ல போலி உண்டா? இழுத்து, முறுக்கி, வட்டமாகத் தட்டி, மேலே முள் வைப்பார். மணி காட்டாது என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தின்று முடிக்கும்வரை அது நம் வாட்ச். எந்தக் குழந்தையும் அதைக் கட்டிக்கொண்டு அழுததில்லை.

நீங்கள் செய்ததை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான போனின் பெட்டி. அதை நீட்டியது தாய்மாமன் கை. பரீட்சை எழுதி ஜெயித்த பிள்ளை. பெட்டியின் எடை சரியாக இருக்க வேண்டும் என்று கட்டையை அளந்து வேறு அறுத்திருக்கிறீர்கள். மூடியைத் தூக்குகிற வரைக்கும் அவன் நம்பியிருக்கிறான். வீடு சிரித்தது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான். பதினைந்து வயதில் அத்தனை பேர் முன்னால் முகம் சுருங்குவது சின்ன விஷயமா? இதை ரோஷம் என்று பெயரிட்டு அவன் தலையில் கட்டாதீர்கள்.

அவன் பிரித்ததை யாராவது வீடியோ எடுத்திருந்தால் முதலில் அதை அழிக்கச் சொல்லுங்கள். பிறகு தனியாகப் போய், “தப்பு என்மேல்தான்” என்று அவனிடம் சொல்லுங்கள். போன் வாங்கித் தர வசதி இல்லையென்றால் அதையும் அவனிடமே சொல்லலாம், புரிந்துகொள்கிற வயதுதான். வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். எதைக் கொண்டுபோனாலும் பெட்டியில் போடாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கையில் எடுத்துப் போங்கள்.