கேட்டவர் கேட்டால் பாட்டியும் பேசுவார்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எண்பத்து நான்கு வயதாகும் என் தாயார் 1958-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி, சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தந்தையிடம் வந்து சேர்ந்தவர். அவர் சொல்வதைப் பதிவு செய்யலாம் என்று கைப்பேசியை எடுத்தாலே, “என் கதையில என்னம்மா இருக்கு” என்று எழுந்துவிடுகிறார். என் பிள்ளைகளுக்கோ தமிழ் தடுமாறித்தான் வரும். ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமா?
– செம்பவாங் வாசகி

பதில்: “உங்கள் கதையைச் சொல்லுங்கள்” என்பது மிகப் பெரிய கேள்வி, அதைக் கேட்டால் நானும் எழுந்துதான் போவேன். கப்பலில் கொண்டுவந்த தகரப்பெட்டி ஒன்று வீட்டில் இன்னும் இருக்குமானால், அதை அவர் முன் வைத்து, அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். அதில் என்னென்ன அடுக்கி எடுத்து வந்தார், பூட்டை யார் வாங்கிக் கொடுத்தார், கப்பலில் எத்தனை இரவு எங்கே பாய் விரித்துப் படுத்தார், துறைமுகத்துக் கூட்டத்தில் உங்கள் தந்தையை எப்படி அடையாளம் கண்டுகொண்டார் என்று ஒவ்வொன்றாகப் போகலாம். “அந்தக் காலம் எப்படி இருந்தது” என்றால் “கஷ்டந்தான்” என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். பூட்டைப் பற்றிக் கேட்டாலோ, கடைத்தெருவுக்கு உடன் வந்த அண்ணனும், அந்த அண்ணனோடு பின்னாளில் நேர்ந்த மனத்தாங்கலும்கூட வந்து சேரும்.

நாள் ஒன்றுக்கு அரைமணி நேரம் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் பதிவைக் கெடுப்பதுபோல் வேறெதுவும் கெடுப்பதில்லை. தொடக்கத்தில் தேதியையும் பேசுபவரின் பெயரையும் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவின் ஒரு படி உங்கள் உடன்பிறந்தார் வீட்டிலும் இருக்கட்டும்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, முதற்பதிவில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. தாயாரின் ஊர்ப்பேச்சு அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளுக்காக அதன் அருகில் ஆங்கிலச் சுருக்கம் எழுதிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, கேள்வி கேட்கும் வேலையைப் பேரப்பிள்ளையிடமே ஒப்படைப்பது. நமக்கு முன்பே தெரியும் என்று அவர் விட்டுவிடுகிற செய்திகளையெல்லாம், தெரியாத பிள்ளைக்காகப் பாட்டி நின்று நிதானித்து விளக்குவார். பிள்ளையின் தடுமாற்றம் இங்கே ஒரு வசதி.

அவர் சொல்லும் ஆண்டுகளைக் குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள். “வெள்ளைக்காரன் போன வருஷம்” என்று அவர் சொன்னால், அது பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய 1971 ஆகவும் இருக்கலாம்; தளத்தின் கப்பல் பட்டறை கைமாறி, செம்பவாங் கப்பல் பட்டறை நிறுவப்பட்ட 1968 ஆகவும் இருக்கலாம். வேலை பார்த்த குடும்பத்துக்கு எது ‘போனது’ என்பதும் கதையின் ஒரு பகுதிதான். ஐயத்தைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தேசிய நூலக வாரியம் இணையத்தில் வைத்திருக்கும் தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்களைப் பிறகு புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த என் அத்தைக்கு இப்போது தொண்ணூற்று இரண்டு வயது. ஜப்பானியர் காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு அவர்கள் போட்ட ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தம் அண்ணனைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. வற்புறுத்திக் கேட்பது தவறா?
– ஈசூன் வாசகர்

பதில்: தவறுதான். 1942, 1943 ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் பாதைக்குப் போன தமிழர்கள் பல்லாயிரவர். அவர்களில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, முறையான பெயர்ப்பதிவும் இல்லை. இருப்பது வீட்டாரின் நினைவு மட்டுமே என்பதால் உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாசலை அவரே திறக்க வேண்டும். அக்காலத்து மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும், ஜப்பானியர் வெளியிட்ட வாழைமரப் படம் போட்ட பண நோட்டைப் பற்றியும் கேளுங்கள். பேச்சு தானாக அண்ணன் பக்கம் திரும்பினால் குறுக்கிடாமல் கேட்டிருங்கள். தாம் இருக்கும்வரை பதிவைப் பிறர் கேட்கக்கூடாது என்று அவர் நினைத்தால், அதற்கும் உறுதி கொடுங்கள். 1979-இல் தொடங்கி முதியவர்களின் குரல்களைச் சேகரித்துவரும் சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்று நிலையத்திலும், எல்லாப் பதிவுகளும் எல்லாருக்கும் திறந்தவை அல்ல.

அத்தை கடைசிவரை பேசாமலே இருந்துவிடலாம். அதனால் உங்கள் பெரியப்பாவின் பெயர், தகப்பனார் பெயர், தமிழகத்துச் சொந்த ஊர், தோட்டத்தின் பெயர், வீட்டார் அவரைக் கடைசியாகப் பார்த்த ஆண்டு ஆகியவற்றை, மற்ற உறவினர்களிடம் கேட்டாவது, இந்த வாரமே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.