ஆவி வராத கோபுரங்கள்

அன்புள்ள ஐயா,

ஓஹையோவில் கொலம்பஸ் அருகே பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. சுற்றிலும் எழும் தரவு மையங்களுக்காக, அதாவது செயற்கை நுண்ணறிவை ஓட்டும் கணினிக் கட்டடங்களுக்காக, நாங்கள் பணம் கட்டுகிறோம் என்கிறார்கள். நானோ அலுவலகத்தில் நாள் முழுவதும் செயற்கை நுண்ணறிவோடுதான் வேலை செய்கிறேன். குற்றவுணர்வாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதைக் குறைக்க வேண்டுமா? கூரையில் சூரியத் தகடு போட்டால் தப்பிக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதல் முறை படித்தபோது பாவமாக இருந்தது. இரண்டாம் முறை எரிச்சல் வந்தது. கட்டணச் சீட்டையும் வாங்கிக்கொண்டு குற்றவுணர்வையும் நீங்களே சுமந்தால், கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். நீங்கள் நாளைக்கு நான்கு கேள்விகள் குறைவாகக் கேட்பதால் அந்தக் கட்டடங்களில் ஒரு மின்விசிறிகூட நிற்காது. சூரியத் தகடு உங்கள் கூரை, உங்கள் பணம். விட்டுவிடுவோம்.

பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. சில நாட்களாக எனக்கு சாட்சாப் என்ற இடத்தின் நினைவாகவே இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நண்பர் காரில் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப்போனார். எல்மா என்ற சிற்றூரைத் தாண்டியதும் மரங்களுக்கு மேலே இரண்டு கான்கிரீட் கோபுரங்கள் எழுந்தன. அணு உலையின் குளிர்விப்புக் கோபுரங்கள். ஒவ்வொன்றும் ஐந்நூறு அடிக்குச் சற்றே குறைந்த உயரம். "ஆவி வரவில்லையே?" என்றேன். "ஒருநாளும் வந்ததில்லை" என்றார்.

மின்தேவை பத்தாண்டுக்கொருமுறை இரட்டிப்பாகும் என்று வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்த காலம் அது. அந்தக் கோட்டை நம்பி அந்த மாநிலத்தின் பொது மின்வழங்கல் அமைப்பு ஐந்து உலைகளைக் கட்டத் தொடங்கியது. தேவை வரவில்லை. 4, 5 ஆகிய உலைகள் 1982-இல் கைவிடப்பட்டன. அடுத்த ஆண்டு அவற்றுக்கான 225 கோடி டாலர் கடன் பத்திரங்கள் திவாலாயின. ஐந்தில் ஓடுவது ஒன்றே ஒன்று. அமைப்பின் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கினால் 'வூப்ஸ்' என்று வரும், தடுக்கி விழுகிறவன் போடும் சத்தம். நாடே சிரித்தது. ஆனால் 1, 3 உலைகளிலிருந்து ஒரு யூனிட்கூட வாங்காத மக்கள் அவற்றின் கடனைப் பல ஆண்டுகள் மின்கட்டணத்தில் கட்டினார்கள். அன்று மாணவராக இருந்த என் நண்பர், வாடகை அறையில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார்.

இன்று உங்கள் ஊரில் அதே அளவுகோலை வேறு கைகள் பிடித்திருக்கின்றன. தரவு மையம் இரண்டு மூன்று ஆண்டுகளில் எழும்பிவிடும். அதற்காகப் போடும் மின்தடத்துக்கும் துணை மின்நிலையத்துக்கும் முப்பது, நாற்பது ஆண்டுகள் பணம் கட்ட வேண்டும். நடுவில் கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனால் மிச்சக் கடன் யார் தலையில்? விலாசம் மாற்ற முடியாதவர்கள் தலையில்.

இதை ஓஹையோவின் மின்கட்டண ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலையிலேயே கேட்டுவிட்டது. உங்கள் பகுதிக்கு மின்தடம் போடும் ஏஇபி ஓஹையோ நிறுவனத்தின் வழக்கில்தான் கேட்டது. 25 மெகாவாட்டுக்கு மேல் கேட்கும் புதிய தரவு மையம், கேட்ட அளவில் 85 சதவீதத்துக்காவது, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், 12 ஆண்டுகள் வரை பணம் கட்ட வேண்டும். பண வலிமைக்குச் சான்று காட்ட வேண்டும். பாதியில் விலகினால் அதற்கும் கட்டணம். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். ஏறத்தாழ 30,000 மெகாவாட் கேட்டு நின்ற வரிசை 13,000 ஆகச் சுருங்கியது. மீதி 17,000 மெகாவாட் காகிதத்தில் மட்டும் எரிந்துகொண்டிருந்த விளக்குகள். ஒரே கட்டடத்துக்கு நான்கு ஊரில் இடம் கேட்டு வைத்திருப்பார்கள், வேறென்ன! ஆணையம் கேட்டிராவிட்டால் அந்த விளக்குகளுக்கும் சேர்த்துக் கம்பி இழுத்திருப்பார்கள், உங்கள் செலவில். பத்து ஆண்டுகளாக அங்கே இருக்கும் நீங்கள் இதை விட்டுவிட்டு என்னிடம் சூரியத் தகடு பற்றிக் கேட்கிறீர்கள்.

இந்த ஆணை உங்களை முழுவதும் காக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கம்பிக்கான பணத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. மின்நிலையங்கள் தயாராக நிற்பதற்கான கூலியைப் பதின்மூன்று மாநிலங்களுக்குச் சேர்த்து பிஜேஎம் என்ற மின்கட்டமைப்பு நிறுவனம் ஏலம் விடுகிறது. ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்த கூலி 2024 ஜூலை ஏலத்தில் 269.92 ஆனது, அடுத்த ஏலத்தில் 329.17. முதல் ஏற்றத்தில் 930 கோடி டாலர் தரவு மையங்களால் வந்தது என்று அந்தச் சந்தையின் சுயேச்சைக் கண்காணிப்பாளரே கணக்கிட்டிருக்கிறார். ஏலத்தில் எவ்வளவு வாங்குவது என்பதை முடிவு செய்வது தேவைக் கணிப்பு. மறுபடியும் அளவுகோல்!

ஓஹையோவில் வீட்டு நுகர்வோருக்காக வாதாடவே ஓர் அரசு அலுவலகம் இருக்கிறது, நுகர்வோர் வழக்கறிஞர் அலுவலகம். அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். தரவு மையத்துக்கான மின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது தாய் நிறுவனமா, நேற்று பதிவு செய்த ஏதோ ஒரு துணை நிறுவனமா? துணை நிறுவனம் என்றால் ஜாமீன் நிற்பது யார்? கிடைக்கும் பதிலை எனக்கும் அனுப்புங்கள். நண்பருக்குக் காட்ட வேண்டும்.