முன் கியர் ஒயர் மாற்றுவது: கேட்டவர்களுக்குப் பதில்

ரோடு பைக்கில் (வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் வகை சைக்கிள்) முன் டீரெய்லருக்கு, அதாவது பெடல் பக்கத்தில் இரண்டு தகடுகளால் செயினைத் தள்ளி முன் கியர் மாற்றும் கருவிக்கு, போகும் ஒயரை வீட்டிலேயே மாற்றுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் கையாண்டதில் பெரும்பாலானவை ஷிமானோ கம்பெனியின் சோரா, கிளாரிஸ், 105 வகை கியர் லீவர்கள்தான். பதிலும் அவற்றை வைத்துத்தான்.

அண்ணா, செயினைப் பெரிய செயின்ரிங்குக்கு (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) ஏற்றுவதற்கு இடது லீவரைத் தள்ளினால் விரலே வலிக்கிறது. ஒயரை மாற்றத்தான் வேண்டுமா, எண்ணெய் விட்டால் போதாதா?

எண்ணெய் விட்டால் நாலு நாள் சுகமாக இருக்கும். அப்புறம் அதில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகிவிடும். முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள் தம்பி. செயினைச் சின்ன செயின்ரிங்கில் விட்டு, ஒயரை டீரெய்லரிலிருந்து கழற்றுங்கள். டீரெய்லரைக் கையால் வெளிப்பக்கம் தள்ளிவிடுங்கள். ஸ்பிரிங் அதைச் சட்டென்று உள்ளே இழுத்தால் டீரெய்லர் நல்லது. மெதுவாக, மனசில்லாமல் திரும்பினால் அதன் கீல்களில் அழுக்கு. அங்கே மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

அடுத்து ஒயரை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். மணலில் உரசுவதுபோல் இருந்தால் ஒயருக்கு ஆயுசு முடிந்தது. இந்த ஒயர் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் கெடும்: லீவருக்குள் வளையும் இடம், ஹேண்டில்பாரில் வியர்வை இறங்கும் இடம், பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் வழி. முன் டயர் வாரி இறைக்கும் சேறு முழுக்க அந்த மூன்றாவது இடத்தில்தான் போய் அடைகிறது. உள் ஒயரை மாற்றும்போது அவுட்டரையும், அதாவது ஒயர் ஓடும் வெளிக்குழாயையும், மாற்றிவிடுங்கள். பழைய குழாய்க்குள் புது ஒயர் விடுவது, துருப்பிடித்த பைப்பில் புதுக் குழாய் மாட்டுவது போல.

கடையில் பிரேக் ஒயரும் கியர் ஒயரும் ஒன்றுதான் என்கிறார்கள். உண்மையா?

இல்லை சார். கியரின் உள் ஒயர் 1.1 அல்லது 1.2 மில்லிமீட்டர், பிரேக் ஒயர் 1.5 அல்லது 1.6. தலையும் வேறு: கியருக்குச் சின்ன உருளை, ரோடு பைக் பிரேக்குக்குப் பேரிக்காய் வடிவம். அவுட்டரில்தான் உண்மையான வம்பு. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுக்கினால் சுருங்காது. பிரேக் அவுட்டரில் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுற்றியிருக்கும், லேசாகச் சுருங்கும். அதைக் கியருக்குப் போட்டால் கியர் துல்லியமாக விழாது, அவ்வளவுதான். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் பிளந்துபோகலாம். இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கே ஒரு கடையில் கியருக்குப் பிரேக் அவுட்டர் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் டீரெய்லரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாற்றும் முறையை முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஒரு விஷயம் மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்: டீரெய்லரை உள்ளே இழுப்பது ஸ்பிரிங், வெளியே இழுப்பது ஒயர். ஒயர் இல்லாவிட்டால் அது சின்ன செயின்ரிங் பக்கம் போய் நின்றுவிடும். அதனால் வேலை தொடங்குமுன் செயினைச் சின்ன செயின்ரிங்குக்கு இறக்கி, இடது கையில் பிரேக் லீவருக்குப் பின்னால் இருக்கும் சின்ன லீவரை இன்னும் இரண்டு மூன்று தடவை தட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒயரைத் தள்ளினால் தலை வெளியே வரவே வராது. நம் ஊர் சைக்கிள்களில் முன் பிரேக் பெரும்பாலும் வலது கையில் இருப்பதால், முன் கியரும் வலது என்று நினைத்து அங்கே நோண்டுகிறவர்கள் உண்டு. முன் கியர் எப்போதும் இடது.

டீரெய்லரில் போல்ட்டைத் தளர்த்தி, ஒயர் நுனியின் மூடியை வெட்டிவிட்டு, ஒயரை லீவர் பக்கம் தள்ளுங்கள். ரப்பர் உறையைக் கொஞ்சம் மடித்து, பிரேக் லீவரை அமுக்கிப் பிடித்தால் பல மாடல்களில் தலை வெளியே வரும் துளை தெரியும்.

அவுட்டரைப் பழைய நீளத்துக்கே வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளேயர் வேண்டாம், நசுக்கிவிடும். ஒயர் வெட்டும் கட்டர் வாங்குவது வீண் செலவு இல்லை. வெட்டிய முகத்தை அரத்தால் சமமாக்கி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழாயைக் கோணி ஊசியால் திறந்துவிடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

புது ஒயரை லீவரிலிருந்து கோத்து, தலை உள்ளே உட்காரும்வரை இழுங்கள். ஃபிரேமில் திருகும் அட்ஜஸ்டர் இருந்தால் முழுக்க உள்ளே திருகி, இரண்டு சுற்று வெளியே எடுங்கள். ஒயரைப் பிளேயரால் விறைப்பாக இழுத்துப் பிடித்து போல்ட்டை முறுக்குங்கள். போல்ட்டில் ஒயர் படுக்க ஒரு பள்ளம் இருக்கும். அதில்தான் படுக்க வேண்டும். மறுபக்கம் மாட்டினால் இழுக்கும் அளவே மாறிவிடும். ஷிமானோ 105-இல் ஆர்7000 மாடல், அதே கம்பெனியின் அல்டெக்ராவில் ஆர்8000 மாடல் என்றால் விறைப்பைச் சரிசெய்யும் திருகு டீரெய்லரிலேயே இருக்கிறது.

மிச்ச ஒயரை உடனே வெட்டாதீர்கள்! பத்துப் பதினைந்து தடவை கியர் மாற்றி, கீழ்க்குழாய் ஓரம் ஓடும் ஒயரைக் கையால் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். லேசாகத் தொய்யும். ஒயர் நீண்டுவிட்டது என்பார்கள், பெரும்பாலும் அவுட்டர் நுனிகள் மூடிகளுக்குள் நன்றாகப் போய் உட்கார்ந்ததுதான் காரணம். மறுபடி விறைப்பாக்கிய பிறகு வெட்டி, நுனியில் மூடி போட்டு நசுக்குங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரியேதான் செய்தேன். ஆனாலும் பெரிய செயின்ரிங்குக்கு ஏறவில்லை.

லீவரைத் தள்ள ஆரம்பித்தவுடன் டீரெய்லர் அசைகிறதா? கொஞ்சம் தள்ளிய பிறகுதான் அசைகிறது என்றால் ஒயர் தொய்வு. அசைகிறது, ஆனால் கடைசியில் முட்டி நிற்கிறது என்றால், டீரெய்லர் வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுக்கும் எச் (H) திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். பெரிய செயின்ரிங்கும் பின்னால் மிகச் சின்னப் பல்சக்கரமும் இருக்கும்போது, டீரெய்லரின் வெளித்தகட்டுக்கும் செயினுக்கும் அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி போதும். டீரெய்லரின் உயரமும் பாருங்கள்: பெரிய செயின்ரிங் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர்.

எனக்கு நேர்மாறு. இறக்கும்போது செயின் உள்பக்கம் விழுந்து ஃபிரேமைச் சுரண்டிவிட்டது.

எல் (L) திருகு, டீரெய்லர் உள்பக்கம் எவ்வளவு போகலாம் என்று தடுப்பது. முன்னால் சின்னது, பின்னால் மிகப் பெரியது வைத்து, உள் தகடு செயினை உரசாமல் ஒட்டினாற்போல் நிற்கும்வரை கால் கால் சுற்றாக முறுக்குங்கள். நியாயமாக இதை ஒயர் மாட்டுமுன்பே செய்திருக்க வேண்டும். விறைப்பான ஒயர் டீரெய்லரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தத் திருகின் குறை தெரியாது.

ஒயரின் தலை லீவருக்குள்ளேயே அறுந்துவிட்டது. லீவரே போச்சா?

போகவில்லை, பதறாதீர்கள். ஆனால் லீவரைச் சும்மா தட்டிக்கொண்டே இருந்தால் பிரிந்த இழைகள் உள்ளே சுற்றி, அப்போதுதான் உண்மையில் போகும். உறையை மடித்து, டார்ச் அடித்து, மெல்லிய மூக்குப் பிளேயரால் இழை இழையாக எடுங்கள். தலையைப் பின்னாலிருந்து ஊசியால் தள்ளுங்கள். எனக்கு ஒரு தடவை முழு மாலை ஆனது.

ஃபிரேமுக்குள் ஓடும் ஒயர். தெரியாமல் உருவிவிட்டேன்.

உருவுமுன் பழைய ஒயரின் மேலேயே மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி வழியைக் காத்திருக்கலாம். இப்போது தையல் நூலை ஒரு துளையில் விட்டு, மறு துளையில் வாக்யூம் கிளீனரை வையுங்கள், நூல் இழுபட்டு வரும். நூலில் அந்தக் குழாயைக் கட்டி இழுத்து, குழாய் வழியாக ஒயரை விடுங்கள்.

மகன் டிஐ2 (ஷிமானோவின் மின்சார கியர்) வாங்கச் சொல்கிறான். அதில் முன் ஒயரை எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்?

அதில் இழுக்கும் ஒயரே கிடையாது அம்மா, மோட்டார்தான் தள்ளுகிறது. சார்ஜ் போட மட்டும் ஞாபகப்படுத்துங்கள்.