வெள்ளைத் தங்கக் கைக்கடிகாரம் – கடிதம்

அன்புள்ள சார்,

பென்சில்வேனியாவில் ஓர் எஸ்டேட் சேலில் (இறந்தவர் வீட்டுப் பொருள்களை விற்பது) மனைவிக்குப் பழைய ஹாமில்டன் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினேன். 14 காரட் வெள்ளைத் தங்கம், டயலைச் சுற்றிப் பொடி வைரங்கள், உள்ளே '22 ஜுவல்ஸ்'. தினமும் பத்து நிமிடம் பின்தங்குகிறது. நகைக்கடைக்காரர், "கல்லில் டால் இல்லை, தங்கமும் மஞ்சளடிக்கிறது. உருக்கிவிடலாம், இல்லை பேட்டரி மெஷின் மாட்டலாம்" என்கிறார். என்ன செய்யலாம்?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

இரண்டுமே வேண்டாம்.

அந்தக் காலத்துப் பொடிக் கற்களில் பெரும்பாலானவை 'சிங்கிள் கட்'. இன்றைய வைரத்துக்கு 57 அல்லது 58 பட்டை என்றால் இவற்றுக்கு 17 அல்லது 18தான். அதனால் பொடிப்பொடியாக மின்னாது, கை அசையும்போது பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டும். எனக்கு அதுதான் பிடிக்கும். மஞ்சள் நிறமும் போலியின் அடையாளம் அல்ல. 14 காரட்டில் சுமார் 58.5 சதவீதம் தங்கம். அதை வெளுக்க நிக்கலோ பல்லேடியமோ கலப்பார்கள். மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகம் பூசியிருந்து அது தேய்ந்தால் உள்நிறம் தெரியும். திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

அந்த 22தான் சுவாரசியம். ஜுவல் என்பது வைரமல்ல, சக்கர முனைகளைத் தாங்கும் செயற்கை மாணிக்கம். 1930ஆம் வருடத்து அமெரிக்கச் சட்டம் 17 ஜுவலுக்கு மேல் உள்ள இறக்குமதி இயந்திரத்துக்கு 10.75 டாலர் தீர்வை போட்டது. ஸ்விஸ்காரர்கள் பலர் பதினேழோடு நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹாமில்டன் அமெரிக்க நிறுவனம். எனவே உங்களுடையது அனேகமாக அதே பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் செய்தது. அங்கே ஹாமில்டன் உற்பத்தி 1969இல் முடிந்துபோனது. அந்த இயந்திரத்தைக் கழற்றிப்போட்டு மலிவான பேட்டரி மெஷின் மாட்டச் சொல்பவரிடம் கடிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

பின்தங்குவதற்குப் பெரும்பாலும் காய்ந்த எண்ணெய்தான் காரணம். சின்ன இயந்திரங்களில் பழகிய ஒருவரிடம் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள். அப்புறமும் நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் பிசகும். இவ்வளவு சிறிய சக்கரத்திடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் நகை இது, ரயிலைப் பிடிக்க அல்ல.

தங்கக் கணக்குப் போடுவதாக இருந்தால் கைப்பட்டையின் கொக்கியில் உள்ள முத்திரையையும் பாருங்கள். கேஸ் 14 காரட், கைப்பட்டை வெறும் 'கோல்ட் ஃபில்டு' (மலிவான உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு) என்பது இந்தக் கடிகாரங்களில் சகஜம்.

தினம் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கச் சொல்லுங்கள், இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். கை கழுவும்போது கழற்றி வைக்கட்டும், இதற்குத் தண்ணீர் ஆகாது.