பழிவாங்க வந்த நோட்டீஸ்: அதிகாரியைக் கோர்ட்டில் பதில் சொல்ல வைப்பது எப்படி?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வாடகைக் கட்டடத்தில் மெஸ் நடத்துகிறேன். எங்கள் தெருச் சாக்கடை வேலையின் பில் விவரம் கேட்டு ஆர்.டி.ஐ. போட்டேன். குறைகேட்புக் கூட்டத்தில் எம்.எல்.ஏ.விடமும் நேரிலேயே கேட்டேன். மூன்று வாரத்துக்குள் மாநகராட்சியிலிருந்து இரண்டு நோட்டீஸ் வந்துவிட்டன. டிரேட் லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று ஒன்று. பின்பக்கத் தகரக் கொட்டகை அனுமதியில்லாதது, இடித்துவிடுவோம் என்று இன்னொன்று. "எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து போன் வந்தது, நான் என்ன செய்ய?" என்று சுகாதார ஆய்வாளரே சொன்னார். இவர்கள் மீது வழக்குப் போட முடியுமா? தண்டனை கிடைக்குமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் நோட்டீஸை வீழ்த்த வேண்டும். அதிகாரி மீதான நடவடிக்கை அதற்குப் பிறகு. கோபத்தில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கும் கெடுவைத் தவறவிடுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தப்பு. கெடு தாண்டியதும் "வாய்ப்பு அளித்தும் பதில் வரவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை முடித்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் பழிவாங்கல் என்று சொன்னாலும், பதில்கூடக் கொடுக்காதவர் என்றுதான் கோர்ட்டில் முதல் பேச்சு எழும்.

நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். நோட்டீஸில் 3-ஆம் தேதி போட்டு, "7 நாளில் பதில் தருக" என்றிருக்கும். உறையின் மீதுள்ள தபால் முத்திரை 11-ஆம் தேதியாக இருக்கும். கெடு முடிந்த பிறகுதான் தபாலிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த முத்திரையை விட நல்ல சாட்சி வேண்டாம். ஊழியர் நேரில் கொண்டுவந்து கொடுத்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். மகஜர் (ஆய்வு செய்த இடத்திலேயே அதிகாரி எழுதும் பதிவு) கன்னடத்தில் இருந்து, உங்களுக்கு வாசிக்க வராதென்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகும் சம்மதமில்லையென்றால் "ஆட்சேபணையுடன் பிரதி பெற்றேன்" என்று எழுதிக் கையெழுத்திடலாம்.

கையெழுத்திட்டவர் யார், எந்த மாநகராட்சி என்பதையும் கவனியுங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு முழுவதற்கும் இருந்த பி.பி.எம்.பி. என்ற ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பழைய பெயரில் அச்சடித்த தாளில் நோட்டீஸ் வந்திருந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், யாருக்குள்ள அதிகாரத்தில் இது அனுப்பப்பட்டது என்று பதிலிலேயே கேளுங்கள்.

பதிலை ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், டிரேட் லைசென்ஸ் கட்டிய ரசீது, வாடகை ஒப்பந்தம், சமையலறை போட்டோ எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். ஆய்வறிக்கையையும், ஆய்வுக்குக் காரணமான புகாரின் நகலையும் கேளுங்கள். நேரில் விசாரிக்கும்படியும் கேளுங்கள். கடைசிப் பத்தியில் ஆர்.டி.ஐ. போட்ட தேதி, கூட்டம் நடந்த தேதி, நோட்டீஸ் தேதி மூன்றையும் வரிசையாக எழுதினால் போதும். வசை வேண்டாம். அலுவலகத் தபால் செக்ஷனில் கொடுத்து உங்கள் பிரதியில் சீல் வாங்குங்கள். இன்னொன்றை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள்.

கொட்டகை விஷயத்தில் உரிமையாளரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டடம் அவருடையது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் இடிப்பு நடவடிக்கைகளுக்கு நாடு முழுவதற்கும் விதி வகுத்தது. நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து குறைந்தது 15 நாள் அவகாசம் வேண்டும். நேரில் விசாரணை, காரணம் எழுதிய இறுதி உத்தரவு, அதற்குப் பிறகு மேலும் 15 நாள், இடிக்கும்போது வீடியோ, எல்லாம் கட்டாயம். மீறும் அதிகாரி நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாவார். இடித்ததைத் தன் சொந்தப் பணத்தில் கட்டித்தர வேண்டிவரும், நஷ்டஈடும் தர வேண்டும். ஆனால் பொதுச் சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகியவற்றின் மீதுள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் தகரம் ஓரடி நடைபாதைக்கு மேல் நீண்டிருந்தாலும் அதை இன்றே எடுத்துவிடுங்கள். "பக்கத்துக் கடையிலும் இப்படித்தான் இருக்கிறது" என்ற வாதம் தனியாக நிற்காது. அடுத்தவர் தப்பு உங்களுக்கு உரிமை ஆகாது.

இனி உள்நோக்கம். கோர்ட்டில் இதற்கு இரண்டு வழி உண்டு. அதிகாரிக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ உங்கள் மேல் தனிப்பட்ட பகை என்று சொல்வது ஒன்று. சட்டம் ஒரு காரியத்துக்காகத் தந்த அதிகாரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று சொல்வது மற்றொன்று. முதல் வழி கடினமானது. சம்பந்தப்பட்டவரைப் பெயர் சொல்லித் தனி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், தேதி வாரியாகச் சம்பவங்களைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நீதிபதிகள் அதற்குள்ளேயே போகமாட்டார்கள். தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பாவின் வழக்கில், உள்நோக்கத்தை நிரூபிக்கும் பாரம் சொல்பவர் தலையில்தான், அதுவும் கனமானது என்று உச்ச நீதிமன்றம் 1973-ல் சொல்லி, அவர் மனுவைத் தள்ளியது. அதற்குப் பத்து வருஷம் முன்பு, 1963-ல், பஞ்சாப் முதல்வர் கைரோன் மீது உள்நோக்கம் சொன்ன அரசு மருத்துவர் பிரதாப் சிங் ஜெயித்தார். அவர் கையில் ஒலிப்பதிவு நாடாக்கள் இருந்தன.

இரண்டாவது வழியில் பகையை நிரூபிக்கத் தேவையில்லை. நடவடிக்கை நடந்த விதமே பேசும். மகாராஷ்டிர அரசை விமர்சித்துக்கொண்டிருந்த நடிகை கங்கனா ரனாவத்தின் மும்பைக் கட்டடத்தை, 24 மணி நேர நோட்டீஸ் ஒட்டி 2020 செப்டம்பர் 9 அன்று மாநகராட்சி இடித்தது. மும்பை உயர் நீதிமன்றம் நவம்பர் 27 அன்று நோட்டீஸை ரத்து செய்து, சேதத்தைக் கணக்கிட மதிப்பீட்டாளரை நியமித்தது. அதிகாரத்தை உள்நோக்கத்தோடு பயன்படுத்தியது என்றுதான் தீர்ப்பு. கர்நாடக உயர் நீதிமன்றத்தை இந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்ட ஏற்றது.

ஆய்வாளர் சொன்ன "போன் வந்தது" என்ற சொல் உங்களுக்கு வலுவான ஆயுதம். லைசென்ஸை ரத்து செய்யும் அதிகாரம் சட்டத்தில் யாருக்கு இருக்கிறதோ அவரே யோசித்து முடிவெடுக்க வேண்டும். மேலிடம் சொன்னதற்காகச் செய்தால் அந்த உத்தரவு செல்லாது. பம்பாய் போலீஸ் கமிஷனர் அரசாங்கம் சொன்னபடி ஒரு தியேட்டர் அனுமதியை ரத்து செய்த கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கில், 1951-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. உத்தரவில் எழுதாத காரணத்தைப் பிறகு பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கவும் முடியாது.

ஆகவே கோப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு நோட்டீஸுக்கும் தனித்தனி ஆர்.டி.ஐ. போடுங்கள். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள், கட்டணம் 10 ரூபாய். நோட் ஷீட் (கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள்), ஆய்வுப் பதிவேட்டில் அந்த மாதப் பக்கங்கள், புகார்க் கடிதம், எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், இவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆய்வாளர் பேச்சு போனில் பதிவாகியிருந்தால் அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடுதான் அந்தப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க முடியும். அதில் ஒரு பாகத்தை நீங்களும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும்.

பதிலைப் பொருட்படுத்தாமல் ரத்து உத்தரவு வந்தாலோ, இடிக்க ஆள் வரும் அறிகுறி இருந்தாலோ, அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேளுங்கள்.

தடை வாங்கிய பிறகு அதிகாரியைப் பதில் சொல்ல வைக்கும் வேலை. முதலில் லோகாயுக்தா, அதாவது அரசு ஊழியர்கள் மீதான புகாரை விசாரிக்கும் மாநில அமைப்பு. கர்நாடக லோகாயுக்தா சட்டம் 1984-ன்படி, பதவியைத் தவறாகப் பயன்படுத்தி ஒருவருக்குத் துன்பம் விளைவித்தது குற்றச்சாட்டாக விசாரிக்கத் தக்கது. எம்.எல்.ஏ.க்களும் அதன் வரம்பில் வருகிறார்கள். அதற்கென்று உள்ள படிவத்தில் பிரமாணப் பத்திரத்தோடு எம்.எஸ். பில்டிங் அலுவலகத்தில் கொடுக்கலாம். இத்தகைய குற்றச்சாட்டுக்கு 5 வருஷம் வரை அவகாசம் உண்டு. வெறும் குறை மனுவென்றால் 6 மாதம்தான். துறை விசாரணைக்கு லோகாயுக்தா பரிந்துரைத்தால் இன்கிரிமென்ட் வெட்டு, பதவி இறக்கம், பணி நீக்கம் வரை போகலாம். நடைமுறையில் அதிகாரிகள் சிறையை விட இதற்குத்தான் அஞ்சுவார்கள். பொய்ப் புகார் தண்டனைக்குரியது, அதையும் மனதில் வையுங்கள்.

சிறைத் தண்டனை உண்டு, ஆனால் பாதை நீளம். சட்டத்தின் கட்டளையை மீறி ஒருவருக்குத் தீங்கு செய்யும் அரசு ஊழியருக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 198-ஆம் பிரிவில் ஒரு வருஷம் வரை வெறுங்காவல். தீங்கு செய்யவென்று பொய் ஆவணம் தயாரித்தால் 201-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை. பழைய தேதி போட்டு அனுப்பிய நோட்டீஸ் இரண்டாவதில் சிக்கலாம். 198-ல் போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாது. மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். மாஜிஸ்திரேட் அதிகாரியின் விளக்கத்தையும் மேலதிகாரியின் அறிக்கையையும் கேட்ட பிறகே முன்னேறுவார். செயல் அலுவல் கடமை சார்ந்தது என்றால் அரசின் முன்அனுமதியும் வேண்டிவரலாம். அனுமதி கேட்டு 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கருத வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்த நல்ல மாற்றம்.

"பணம் கொடுத்தால் நோட்டீஸை முடித்துவிடலாம்" என்று யாராவது தூது வந்தால் கதை மாறிவிடுகிறது. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் வாங்குபவருக்கு 3 முதல் 7 வருஷம். கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் லோகாயுக்தா போலீஸில் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் பாதுகாப்பு.

நஷ்டஈட்டில் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா தீர்ப்பு, 1993, உங்களுக்குத் துணை. தொல்லை கொடுத்த அதிகாரியின் பாக்கெட்டிலிருந்தே பணத்தை வசூலிக்க வழி சொன்னது அது. பெரிய தொகையை நம்பி இறங்காதீர்கள். முன்னாள் பெட்ரோலிய அமைச்சர் சதீஷ் சர்மாவுக்கு 1996-ல் விதித்த 50 லட்சம் ரூபாய் நஷ்டஈட்டை உச்ச நீதிமன்றமே 1999-ல் ரத்து செய்தது. கடை மூடிய நாட்களின் வருமானக் கணக்கும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இருந்தால் உண்மையான இழப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். சிவில் வழக்குக்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவில் 2 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சட்டப்படி செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் செயலுக்கு நஷ்டஈடு கேட்க ஒரே வருஷம்தான் காலவரம்பு. வழக்கமான மூன்று வருஷம் என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். நோட்டீஸுக்கான அந்த 2 மாதம் மட்டும் இந்த ஒரு வருஷக் கணக்கில் சேராது.

வக்கீல் செலவு தாங்காதென்றால் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. லைசென்ஸ் உங்கள் மனைவி பெயரில் இருந்தால் மனுவையும் அவர் பெயரிலேயே போடுங்கள்.