குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஆளைக் கொன்றவருக்குத் தூக்குத் தண்டனை கொடுக்கலாமா?

குடிபோதையில் வண்டி ஓட்டி உயிரை எடுத்தவனுக்குத் தூக்குத்தான் சரி, வேறு எதற்கும் இவர்கள் அடங்க மாட்டார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2016 ஐப்பசியில் கேட்டிருந்தால் கயிறை நானே பிடிக்கிறேன் என்று சொல்லியிருப்பேன். இன்றைக்குச் சொல்ல மாட்டேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் எங்கள் சித்தப்பா கேஸ் எந்த இடத்தில் தோற்றது என்று கூடவே இருந்து பார்த்தவன் நான். தண்டனை என்ற பேச்சு வருவதற்கு வெகு முன்னாடி, முதல் ராத்திரியே அது தோற்றுவிட்டது.

எங்களுக்குக் கோவை மாவட்டம், சோமனூர்ப் பக்கம். சித்தப்பா தறிக்குடோனில் நைட் ஷிப்டு பார்த்தார். அன்றைக்கு எட்டு மணி ஷிப்டுக்கு டிவிஎஸ் வண்டியில் கிளம்பினார், ஹேண்டில்பாரில் தூக்குப்போசி, அதில் சித்தி ஆக்கிக் கொடுத்த அரிசிம்பருப்புச் சோறு. ஊரைத் தாண்டி அரை கிலோமீட்டர் போயிருப்பார், எதிரே வந்த கார் ரோட்டின் இந்தப் பக்கம் ஏறி அடித்தது. நான் போய்ச் சேரும்போது அவரை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போசி நசுங்கி வேலியோரம் கிடந்தது. சோறு தார்ரோட்டில் சிதறிக் கிடந்தது, அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்ததை இன்றைக்கு வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. காரை ஓட்டியவன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஊர்க்காரன், ஏதோ தோட்டத்தில் கெடா வெட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தவன். பத்தடி தள்ளி நின்றாலே பிராந்தி வாடை அடித்தது. அவனோடு வந்த ஆள் எங்கிருந்தோ ஒரு சொம்பு மோர் வாங்கிவந்து, குடி, குடி என்று அவன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மோர் குடித்தால் போதை தெளிந்துவிடும், எலுமிச்சம்பழம் கடித்தால் ரத்தத்தில் காட்டாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதெல்லாம் ஒன்றும் செய்யாது. ரத்தத்தில் ஏறிய சாராயத்தைக் குறைப்பது பெரும்பாலும் கல்லீரல்தான், அது தன் பாட்டுக்கு, 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டே போகும். நம் சட்டப்படி வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். சாயங்காலம் எட்டு மணிக்கு 120 இருந்தவனுக்கு விடியற்காலை இரண்டு மணிக்கு எடுத்தால் 30-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆகவே குற்றவாளியைக் காப்பாற்ற மோரும் வேண்டாம் எலுமிச்சையும் வேண்டாம், நேரத்தைக் கடத்தினால் போதும். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி அவனை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தது விடியற்காலை மூன்று மணிக்கு. பல மாதம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் வரம்புக்குக் கீழே என்று இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் 202-ஆம் பிரிவில், குடித்து ஓட்டியவனைக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், நடக்காவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும் என்று இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம் கைது செய்த நேரத்திலிருந்து கணக்கு, மோதிய நேரத்திலிருந்து அல்ல. கைதையே தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எஃப்.ஐ.ஆரில் குடி என்ற சொல்லே இல்லை. "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று, எல்லா ஆக்சிடென்ட் கேஸிலும் எழுதுகிற அதே வரி. அரசாங்கக் கணக்கில் 2022-இல் நாடு முழுக்க ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர், தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இதில் குடிபோதையால் என்று பதிவானது நாட்டளவில் மூன்று சதவீதம்கூட இல்லை, முக்கால்வாசிக்குப் பக்கத்தில் அதிவேகம் என்றே பதிவாகியிருக்கிறது. இந்தக் கணக்கை நான் நம்பவில்லை. எங்கள் சித்தப்பாவும் அந்த அதிவேகக் கணக்கில்தானே போய்ச் சேர்ந்தார், அவரைப் போல இன்னும் எத்தனை பேர் அதே வரிக்கடியில் கிடக்கிறார்களோ.

பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ராஜி பேச ஆள் வந்துவிட்டது. ஊரில் பெரிய மனுஷர், எங்கள் கல்யாணம் காட்சிக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். திண்ணையில் உட்கார்ந்து, "போனவன் திரும்பியா வரப்போறான் கண்ணு, ரெண்டு புள்ளைங்க இருக்குது, அதுங்களப் பாரு. அவனும் நம்ம பையன்தான், வேணும்னா பண்ணுனான்?" என்றார். சித்தி உள்ளே இருந்து வெளியே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார், "எனக்குக் காசு வேண்டாஞ்சாமி. அவன் குடிச்சுப்போட்டு வந்துதான் இடிச்சான்னு ஒரு தாள்ல எழுதி, அதுல கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க." பெரியவர் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். அந்தத் தாள் எங்களுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை, ஸ்டேஷனிலும் கிடைக்கவில்லை, கோர்ட்டிலும் கிடைக்கவில்லை. நாலு வருஷம் இழுத்த கேஸில், சம்பவ இடத்தில் நின்ற இரண்டு பேர் கூண்டில் ஏறி, இருட்டாக இருந்தது, யார் ஓட்டினார்கள் என்று சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். விடுதலை. சட்டப்படி இந்தக் குற்றத்தில் இரண்டு தரப்பும் ராஜியாகி கேஸை முடித்துக்கொள்ள முடியாது, அதனால்தான் சாட்சியைப் பிறழ வைத்து முடிக்கிறார்கள்.

இப்போது தூக்குக்கு வருகிறேன். இரண்டு வருஷ ஜெயிலுக்கே இவ்வளவு வேலை நடக்கிறது. தூக்கு என்றால் ஒரு சாட்சியும் வாய் திறக்க மாட்டான், நம்மால் ஒரு உயிர் போக வேண்டுமா என்று நல்லவர்கள்கூடப் பின்வாங்குவார்கள், நீதிபதியும் கொடுக்க மாட்டார். ஐம்பது பேரில் ஒருவனைத் தூக்கில் போட்டு மற்ற நாற்பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்புவதைவிட, ஐம்பது பேரும் தப்பாமல் ஐந்து வருஷம் உள்ளே இருப்பது எனக்கு மேல்.

அதற்குச் சட்டத்தில் இடம் இல்லையா என்றால், இருக்கிறது. சித்தப்பா காலத்தில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ, அஜாக்கிரதையால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருஷம், ஜாமீனில் வரக்கூடியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106(1) ஆகி ஐந்து வருஷம் வரை கொடுக்கலாம் என்று கூட்டியிருக்கிறார்கள். ஆனால் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிப்பதை அஜாக்கிரதை என்று சொல்வதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோட்டில் கிடந்த கல்லைக் கவனிக்காமல் விட்டது அஜாக்கிரதை. ஒரு குவாட்டரை உள்ளே தள்ளிவிட்டு, கை நடுங்குவது தெரிந்தும் சாவியைப் போடுகிறவனுக்கு, யாராவது சாகலாம் என்பது தெரியும். அப்படித் தெரிந்தே செய்வதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பழைய 304-இன் இரண்டாம் பகுதி, இப்போது 105, பத்து வருஷம் வரை. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-இல் நடைபாதையில் தூங்கிய ஏழு பேரைக் கொன்ற அலிஸ்டர் பெரேரா வழக்கிலும், டெல்லியில் 1999-இல் பி.எம்.டபிள்யூ காரில் ஆறு பேரைக் கொன்ற சஞ்சீவ் நந்தா வழக்கிலும் 2012-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவில்தான் குற்றவாளி என்றது. தண்டனைதான் மனசுக்கு ஆறவில்லை. ஏழு உயிருக்கு மூன்று வருஷம். ஆறு உயிருக்கு, ஏற்கெனவே இருந்த இரண்டு வருஷம் போதும், கூட ஐம்பது லட்சம் கட்டு, சமூக சேவை செய். 2024 மே மாதம் புனேயில் போர்ஷே கார் மோதி இரண்டு பேர் செத்தபோது, ஓட்டியவனுக்குப் பதினேழு வயசு, முன்னூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது ஊரெல்லாம் தெரியும். அதைவிட எனக்குச் சுருக்கென்று தைத்தது, அந்த கேஸில் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டார்கள் என்று டாக்டர்களைக் கைது செய்த செய்தி. மூன்று மணிக்கு எடுத்த எங்கள் ஊர் ரத்தம்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். சாவு நடந்து, குடித்திருந்தது உறுதியானால் நேராக 105 போட வேண்டும், குறைந்தது ஐந்து வருஷமாவது உள்ளே இருக்க வேண்டும், லைசென்ஸ் ஆயுசுக்கும் கிடையாது. ரத்தம் கொடுக்க மறுத்தாலோ ஓடிப்போய் மறுநாள் வந்தாலோ குடித்திருந்தான் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு அவன் தலையில் இருக்கட்டும்.

பணம் விஷயமும் சொல்ல வேண்டும். குடித்து ஓட்டியிருந்தாலும் செத்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவு போடுவது உண்டு. எங்களுக்கு அந்த வழியும் சரியாக அமையவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது, ஆனால் குடி நிரூபணமே ஆகாததால் அவன் கையிலிருந்து ஒரு ரூபாய் போகவில்லை. சித்தப்பாவுக்குச் சம்பளச் சீட்டும் கிடையாது, தறிக்கூலியை வாரா வாரம் கையில் வாங்கியவர், ஆகவே வருமானத்தையும் குறைத்தே போட்டார்கள். அந்தப் பணத்தில் தங்கச்சி நர்சிங் படித்தாள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவன் அடுத்த வருஷமே புதுக் கார் எடுத்து அதே ரோட்டில் போனான், சித்தி அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

முதல் தடவை ஊதி மாட்டினால் ஆறு மாதம் ஜெயில் அல்லது பத்தாயிரம் அபராதம், அடுத்த தடவை இரண்டு வருஷம் அல்லது பதினைந்தாயிரம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு சொல்கிறது. ஜெயிலை யாரும் பார்ப்பதில்லை, அபராதம்தான். பத்தாயிரம் என்பது தறி ஓட்டுகிறவனுக்கு இரண்டு வாரக் கூலி, பொண்டாட்டி தோட்டை அடகு வைப்பான். கெடா விருந்துக்கு காரில் வருகிறவனுக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவு. பின்லாந்தில் சில குற்றங்களுக்கு வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள், இங்கேயும் அப்படிப் போடலாம். அப்புறம் அதே சட்டத்தில் 188-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, குடித்து ஓட்டத் தூண்டியவனுக்கும் உதவியவனுக்கும் அதே தண்டனை. அதை யாரும் தொடுவதில்லை. ஜப்பானில் 2007-இலிருந்து, ஓட்டப்போகிறான் என்று தெரிந்தே ஊற்றிக்கொடுத்தவன், வண்டி கொடுத்தவன், குடித்திருப்பது தெரிந்தும் கூட்டிப்போகச் சொல்லி ஏறியவன் எல்லோருக்கும் தண்டனை உண்டு. மோர் வாங்கிக் கொடுத்த அந்த ஆள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர். அவர் மேல் ஒரு பெட்டி கேஸ்கூட இல்லை.

அரசாங்கத்தையும் விட முடியாது. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், 2023-24-இல் மட்டும் 45,000 கோடிக்கு மேல் வருமானம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ரோட்டோரம் மூடிய கடைகளை ஊருக்குள்ளேயும் தோட்டத்துக்குள்ளேயும் கொண்டுவரப் பார்த்தார்கள். எங்களுக்குப் பக்கத்துச் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள், ஒரு போலீஸ் அதிகாரி ஒரு பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தோம். சித்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ராத்திரி ஒன்பதரைக்கு ஏதாவது ஒரு பார் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள், நாற்பது ஐம்பது வண்டி நிற்கும், ஒவ்வொன்றையும் குடித்தவன்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறான். அங்கேயே ஒரு போலீஸ்காரர் ஊதும் மெஷினோடு தினம் நிற்கட்டும், மாசக் கடைசியில் கேஸ் கணக்குக்காக பைபாசில் நிற்பதைவிட அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றும்.

இதைப் படிக்கிறவர் யார் வீட்டிலாவது இப்படி ஒன்று நடந்துவிட்டால், அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் யாராவது ஒருவர் அதற்கென்று நில்லுங்கள். ஓட்டியவன் முகமும் அவன் பேசுவதும் தெரிகிற மாதிரி செல்போனில் வீடியோ எடுங்கள். 112-க்கு அடித்து, குடித்திருக்கிறான் என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். அவனை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பின்னாலேயே போய், எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், எடுக்காவிட்டால் எஸ்.பி. அலுவலகத்துக்கு அந்த ராத்திரியே எழுத்தில் புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆரில் கையெழுத்துப் போடுமுன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் எழுதினதை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், இப்போது அப்படித்தான் சட்டம். திண்ணைக்கு ராஜி பேச வருகிறவரிடம், சித்தி கேட்டது போல முதலில் அந்தத் தாளைக் கேளுங்கள்.